ஹோசியத்தின் குளத்துக்கு ஊர் செய்த உதவி

எங்கள் மஹல்லா என்னும் ஊர்ப்பகுதியின் குளத்தை ஹோசியத்திடம் இரண்டு கோடைகளுக்கு ஒப்படைத்தபோது ஊர்க்கூட்டம் விதித்த நிபந்தனை ஒன்றே. கொள்ளைப்பாசியை ஒழித்தால் குளமும் அதில் மீன் வளர்க்கும் உரிமையும் அவளுக்கே நிலைக்கும். ஒழிக்காவிடில் அவள் வெளியேற வேண்டும். நிபந்தனையில் குற்றம் காண்பதற்கில்லை. குற்றமெல்லாம் பின்னர் வந்தவை.

அந்தப் பாசி எங்கள் ஃபெர்கானா மண்ணுக்கு உரியதன்று. திருமண மண்டபத்தின் உரிமையாளர் தம் கண்ணாடி மீன்தொட்டியை ஒருநாள் குளத்தில் கவிழ்த்தார். தொட்டிக்குள் அலங்காரமாய் இருந்த கொடி, ஐந்தே ஆண்டுகளில் குளத்தை அடைத்தது. விரலளவுத் துண்டு மிதந்தாலும் அது வேர்விட்டுத் தனிக் கொடியாகிவிடும். ஆகவே அதை அறுப்பது அதை விதைப்பதற்கு ஒப்பாகும். இதை அறிந்திருந்த ஹோசியத், பாசியைத் தின்னும் புல்கெண்டைக் குஞ்சுகள் நானூறு வாங்கிக் குளத்தில் விட்டாள். கரையோரத்தை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு மூலையென நுண்வலையால் வாரினாள். வாரியதைச் சாக்கில் கட்டி, நீர் எட்டாத மேட்டுக்குச் சுமந்து சென்று, காயவைத்து எரித்தாள். முதற்கோடை முடிந்தபோது கால் பங்கு தெளிந்தது. இரண்டாம் கோடையில், ஜூன் மாதத்துக்குள், சரிபாதி தெளிந்துவிட்டது. செப்டம்பர் வரை அவளுக்குத் தவணை இருந்தது.

அப்போதுதான் நீர்நிலைகளைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து ஒரு குழு வரவிருக்கும் செய்தி மஹல்லாத் தலைவர் நிஷான்பாயின் காதுக்கு எட்டியது. அவர் குளக்கரைக்கே வந்துவிட்டார். நானும் அங்கிருந்தேன்.

"தங்கச்சி, உன் மீனுங்க தின்னு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கொள்ளுப்பேரன் பொறந்துடுவான். ஞாயித்துக்கிழமை உனக்காக ஹஷார் சொல்லியாச்சு."

"வேண்டாம்ணே! அறுத்தா பல மடங்கு பெருகும். பாதி போயிடுச்சு, கண்ணால பாக்குறீங்கல்ல? இன்னும் மூணு மாசம் குடுங்க."

"ஊரே திரண்டு வருதுங்கறேன், நீ வேண்டாங்கற? ஹஷாரை வேண்டாம்னு சொன்ன ஒருத்திய இந்த ஊர்ல காட்டு, பாப்போம்!"

ஊரார் ஒன்றுகூடி ஒருவருக்காகக் கூலியின்றி உழைப்பதே ஹஷார். எங்கள் வீடுகளும் வாய்க்கால்களும் அவ்வாறு எழுந்தவையே. அதன் பெருமையை நான் மறுப்பவன் அல்லன். ஆயினும், யாருக்காக ஊர் கூடுகிறதோ அவர் மறுக்கக் கூடாது, வந்தவர்க்கு அன்று சோறிட வேண்டும், பிறகு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். உதவி பெறுபவரின் வாயை அடைக்கும் உதவியை எந்தப் பெயரால் அழைப்பது?

அவள் சொல்வதே சரியென்று நான் குறுக்கிட்டதற்குத் தலைவரிடம் கிடைத்த மறுமொழி இது: "வாத்தியாரே, புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினது போதாதா? குளத்துக்கும் நடத்தணுமா?"

ஞாயிறன்று அறுபது பேர் அரிவாளோடும் வாரியோடும் இறங்கினர். ஹோசியத் கரையில் கொப்பரையை ஏற்றி, ஆட்டிறைச்சியும் மஞ்சள் காரட்டும் இட்டுப் புலவு சமைத்தாள். துண்டு துண்டாய் அறுபட்ட கொடிகள் நீர்விளிம்பிலேயே குவிக்கப்பட்டன. மேட்டுக்குச் சுமந்து செல்ல எவருக்கும் பொறுமையில்லை. நண்பகலில் கரையோரம் வெறுமையாயிற்று. நடுக்குளத்துக்கு எவர் கையும் எட்டவில்லை. ஹஷாரைப் பாதியில் விட்டு எழுவது எங்களிடையே பெருத்த அவமானம்.

"பருத்திக்கு அடிக்கிற மருந்து கிடங்குல சும்மாதானே கெடக்கு?" என்றார் டிராக்டர் ஓட்டும் தோஜிபாய். "பத்தே நாள்ல அத்தனை இலையும் உதிருது. பாசி எம்மாத்திரம்?"

பருத்தி எடுப்பதற்கு முன் இலையை உதிர்க்கத் தெளிக்கும் நஞ்சு அது. பருத்தியிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் அதை மருந்தென்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் அங்கே எவருக்கும் அச்சம் தோன்றவில்லை. மாறாக, 'அட, இது ஏன் முன்பே தோன்றவில்லை!' என்று வியந்தார்கள்.

ஹோசியத் அகப்பையை எறிந்துவிட்டு, கிடங்கிலிருந்து மருந்தை ஏற்றிவந்த டிராக்டரின் முன் வந்து நின்றாள்.

"அண்ணே, அது வெஷம்ணே! அத்தனை பாசியும் ஒரேயடியா செத்தா அழுகும். அழுகுற தண்ணியில மீனுக்கு மூச்சு கெடைக்காது. ரெண்டு வருசமா வளத்ததுண்ணே!"

"மீனுக்கு ஏது தங்கச்சி இலை, உதிர்றதுக்கு?" என்றார் தோஜிபாய். அறுபது பேரும் சிரித்தனர்.

"அடிப்பிடிக்குது பாரு, புலவப் போய்க் கிண்டு!" என்று தலைவர் அதட்டினார்.

டிராக்டர் அவளைச் சுற்றிக்கொண்டு சென்றது. தெளித்து முடித்த பின் எல்லாரும் அதே குளத்தில் கைகழுவி வந்து அமர்ந்தனர். அவள் பரிமாறினாள். நானும் உண்டேன், அதை மறைப்பது முறையன்று.

ஏழாம் நாள் குழு வந்தது; திறந்த நீர்ப்பரப்பைப் படம் பிடித்தது; தலைவரின் கையைக் குலுக்கிச் சென்றது. ஒன்பதாம் நாள் காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. ஹோசியத் நீரை இறைக்கும் எந்திரத்தால் குளத்து நீரை உயரே வீசி, மீண்டும் குளத்திலேயே விழச் செய்து, காற்று சேர்க்க முயன்றாள். இரண்டு நாள் ஓயாது இறைத்தாள். நானூற்றில் பதினொன்று பிழைத்தன. மற்றவற்றைச் சுண்ணாம்பிட்டு நாங்கள் இருவரும் புதைத்தோம். ஹஷாருக்கு வந்த அறுபது பேரில் ஒருவர்கூட அன்று அப்பக்கம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் பெருந்தன்மையோடு பேசினார். "பாசி போச்சு, நிபந்தனை நிறைவேறிடுச்சு. குளம் இனி தங்கச்சிக்குத்தான். மீன் போனது அல்லா விட்ட வழி. எழுந்து ஊருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லும்மா, முடிச்சுக்கலாம்."

ஹோசியத் எழுந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் குளம் அவளுடையதாகியிருக்கும்.

"என் மீனைக் கொன்னுட்டு, என் கையாலயே சோறும் தின்னீங்க. அதுக்கு நன்றி வேறயா?"

கூடம் கொதித்தது. "ஊரையே தூக்கி எறியுறா பாரு!" என்றொரு குரல். "சோத்தச் சொல்லிக் காட்டுறாளே!" என்றது இன்னொன்று. குளத்தைத் திரும்பப் பெற நாற்பத்தேழு கைகள் உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்தவை மூன்று; என்னுடையது அவற்றுள் ஒன்று. அது எதற்கும் பயன்படவில்லை.

ஆகஸ்டு பிறந்ததும், கரையில் குவித்த துண்டுகள் நீரில் சரிந்து முளைத்தன. செப்டம்பரில் படகு செலுத்தவும் இடமில்லை. அவளைத் திரும்ப அழைக்கத் தலைவரின் தூதாக, பக்கத்து மாவட்டத்து மீன்பண்ணையில் வேலைக்கிருந்த ஹோசியத்திடம் நான் சென்றேன்.

அவள் தீவனத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். பின்னர், "வரேன், வாத்தியாரே," என்றாள். "குஞ்சு மீனும் கொண்டுவரேன். ஆனா எனக்காக ஹஷார் போடமாட்டோம்னு எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்."

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் நிஷான்பாயிடம் சொன்னேன்.

"என்னது? ஒருத்திக்கு உதவமாட்டோம்னு ஊரே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு எவனாவது நம்மள மதிப்பானா? அவ்வளவு நெஞ்சழுத்தமா அவளுக்கு!" என்றவர், அடுத்த மூச்சில், "கிடங்குல அந்த மருந்து இன்னும் எவ்வளவு மிச்சமிருக்குன்னு தோஜிபாயைக் கேளுங்க," என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் வேறொருவரை அனுப்பிக் கேட்டுக்கொண்டார்.