ஒரு பட்டை குறைவு

பெனிட்டோவுக்குக் கோணல் என்றாலே ஆகாது. சுவரில் காலண்டர் அரை விரற்கடை சாய்ந்திருந்தாலும் சோறு இறங்காது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக இயந்திரங்களை மட்டம் பார்த்துப் பார்த்து வந்த குணம். அப்படிப்பட்டவனின் பாளையங்கோட்டை வீட்டு மாமரத்தடியில் நின்றதோ, ஜில்லாவிலேயே கோணலான ஒரு ஜீப்.

அவன் அப்பா அம்புரோஸ் ஓட்டிய ஜீப் அது. புன்னக்காயலில் பிறந்து, கடலுக்குப் பயந்து மலைக்கு ஓடிய ஆள் என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். மாஞ்சோலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் டிரைவர். எஸ்டேட்டில் அந்த வண்டியைக் கழித்தபோது அவரே வாங்கிக்கொண்டார். பெனிட்டோவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இடது பக்கம் சாய்ந்துதான் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு எட்டுப் பிள்ளைகள் பின்னால் ஏறினால், எட்டும் இடது பக்கமாகச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். பச்சைத் தேயிலை வாடை ஒருபுறம், பிள்ளைகளின் கூச்சல் ஒருபுறம்.

'சரிஞ்சான் ஜீப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டு, ஒருநாள் ஏறமாட்டேன் என்று நடந்தே வந்தான். எஸ்டேட் ஆட்களின் வரிசைக் குடியிருப்பில் இருந்த அவர்களுடைய லயன் வீடு வரைக்கும் அப்பா அவன் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அப்பா அந்த மலையில், கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எஸ்டேட்டை மூடியதும் மற்றவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கியாகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு மேலே போய்வர வனத்துறையிடம் ஒருநாள் அனுமதி கிடைத்திருந்தது. அம்மா பிலோமினாவுக்கு முட்டி மடங்காது. அவளை அங்கே நடக்க வைக்க முடியாது, கல்லறைத் தோட்டத்து வாசல் வரை ஜீப்தான் போக வேண்டும். பாதையோ மழையில் அரித்து, நடுவில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துவந்தவர்கள் சொன்னார்கள். வண்டியை உயர்த்திக் கட்டாமல் போனால் அடி தட்டும்.

"அடுத்த வருஷம் விடுவாவளோ மாட்டாவளோ. நானும் இருப்பனோ என்னவோ," என்றாள் அம்மா.

பெனிட்டோ மூன்று நாள் லீவு போட்டான். மேலப்பாளையத்தில், வண்டியை வில்லாக வளைந்து தாங்கும் கமான் பட்டைகளுக்குக் கடை வைத்திருக்கும் மதார், புதுப் பட்டைகளும் பட்டைக்கட்டைத் தொங்கவிடும் நீளமான ஷாக்கிள்களும் கொண்டுவந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். பட்டைக்கட்டுகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மதார் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, எண்ணிப் பாத்தியளா? இடது பக்கம் முன்னயும் பின்னயும் ஒவ்வொரு பட்டை கம்மி. அதான் சரிஞ்சு நிக்கி."

"எங்கப்பாவுக்கு ஓட்டத்தாம்லே தெரியும், எண்ணத் தெரியாது," என்றான் பெனிட்டோ. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குறைந்த பட்டைகளைச் சேர்த்து, புது ஷாக்கிள் மாட்டி, வண்டியை இறக்கினான். பானெட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. இத்தனை வருஷக் கோணலை நிமிர்த்திவிட்ட பெருமை அவனுக்குப் பிடிபடவில்லை.

"எம்மா, வந்து ஏறிப் பாரு!"

மருமகள் ஜாய்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். அவள் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முதுகைக் காட்டிச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள். இன்றைக்கு அவள் எப்போதும் உட்காரும் இடது பக்கச் சீட்டு அவள் இடுப்புக்கு மேலே நின்றது. பலகை போட்டுப் பார்த்தார்கள். பலகைமேல் நிற்கவே முட்டி நடுங்கியது.

"நாங்க தூக்கி வச்சிருதோம் மாமி," என்றாள் ஜாய்சி.

"நான் என்ன சாக்கு மூட்டையா? இப்படித் தூக்கி ஏத்தித்தான் அவுகளப் பாக்கப் போவணுமாக்கும்? நீங்க போய்ட்டு வாங்க." அம்மா திரும்பினாள். திரும்பியவள் வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னெல்லாம் எனக்கு எட்டுமே. என்னலே செஞ்ச?"

"இடது பக்கம் விட்டுப்போன பட்டையச் சேத்தேன்."

"விட்டுப்போவல. உங்கப்பாதான் கழத்துனாவ."

பெனிட்டோ ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நீ வயித்துல ஏழு மாசம். மாசாமாசம் கீழ ஆஸ்பத்திரிக்குப் போவணும். நான் குள்ளம், வயிறு வேற. ஏற மாட்டாம ஒருநா அழுதுட்டேன். மறுநாளே கழத்திட்டாவ. எஸ்டேட் தொர கேட்டதுக்கு, ஒடிஞ்சு போச்சுன்னு பொய் சொன்னாவ. நீ பொறந்தப்புறம் திரும்பப் போட்டுருங்கன்னேன். 'இருக்கட்டும், நீ ஏறுத வண்டிதானே'ன்னுட்டாவ."

எண்ணத் தெரியாது என்று சொன்ன வாய் அவனுக்குக் கசந்தது. அதைவிட, எட்டாம் வகுப்பில் நடந்துவந்த அந்த மூன்று மைல் வலித்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

"ஜாக்கியை எடு," என்றான் மதாரிடம்.

"அண்ணாச்சி, அந்தப் பட்டையக் கழத்துனா பாறையில தட்டுமே."

"தட்டட்டும்லே."

ஷாக்கிளை மட்டும் விட்டுவைத்து, இடது பக்கம் சேர்த்த பட்டைகள் இரண்டையும் கழற்றினான். ரசமட்டத்தின் குமிழி வலது ஓரத்துக்கு ஓடியது. அதைப் பெட்டியில் போட்டு மூடினான். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சீட்டு எட்டியது.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் மணிமுத்தாறு தாண்டி மலை ஏறினார்கள். லயன் வீடுகள் கதவில்லாமல் நின்றன. அம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் யார் பெயரையோ சொல்லிக்கொண்டே வந்தாள். கல்லறைப் பாதையில் அந்தப் பாறை வந்தது. பெனிட்டோ பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரில் ஏற்றினான். அடியில் நீளமாக ஒரு உரசல் சத்தம். வண்டி கடந்துவிட்டது.

வாசலில் நிறுத்தியதும் அம்மாவை இறக்கிவிட முன்பக்கமாகச் சுற்றி ஓடினான்.

அதற்குள் அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தாள். அவன் நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னலே முழிக்க?" என்றாள் அம்மா. "மெழுகுவத்திய எடு. உங்கப்பா காத்துக்கிட்டு இருப்பாவ."