சாப்பிடும்போது கடிக்காத மிருகம்

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக ஹெப்ரான் உருவாக்கிய விண்வெளி மிருகங்களைப் பார்த்து இதுவரை ஒருவரும் பயந்ததில்லை. பாவம், அவர் என்ன குறை வைத்தார்? ஒன்றுக்கு ஏழு வாய் கொடுத்தார். இன்னொன்றுக்கு வாயே இல்லாமல் தோலால் உறிஞ்சும்படி செய்தார். பாளையங்கோட்டையில் பதினைந்து வருடமாக விலங்கியல் நடத்துகிற ஆசிரியர் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் பாகம் குறித்துப் படம் வேறு வரைந்து வைத்திருந்தார். கூட விளையாடும் நஃபீஸத் அதைப் பார்த்துவிட்டு, "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டாள்.

விளையாட்டு இதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையும் மதியச் சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்கு அவர் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஹெப்ரான் கதை சொல்வார்: பழுதான விண்கலம், உள்ளே ஏதோ ஒன்று உலாவுகிறது. மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நஃபீஸத்தான் கலத்தின் மருத்துவர். இன்சூரன்ஸ் ஆபீஸ் குற்றாலலிங்கம் கேப்டன். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். பிழைத்தார்களா செத்தார்களா என்று பகடை சொல்லும். ஆறு மாதமாக ஒருவரும் சாகவில்லை.

போன வாரம் குற்றாலலிங்கம் ஒரு நீல ஃபைலை மேசைமேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதேயும் வே. உம்ம மிருகம் எப்ப என்ன செய்யும்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருது. அடுத்த வாரமும் இப்படித்தான்னா, அதுக்கப்புறம் நான் நடத்துதேன். நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன்."

ஹெப்ரானுக்குப் பகீரென்றது. வகுப்பில் அவர் பேச்சை மணி அடிக்கும்வரைதான் கேட்பார்கள், வீட்டில் அதுவும் கிடையாது. வாரத்தில் மூன்று மணி நேரம் இரண்டு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது இந்த மேசையில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விடுவாரா மனிதர்? அந்த வாரம் முழுக்க விடைத்தாள் கட்டைப் பிரிக்கவே இல்லை. உடல், பசி, பயம், பலவீனம், நடை, ஓசை என்று ஆறு அட்டவணை போட்டார். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து. பகடையை உருட்ட உருட்ட ஒரு மிருகம் வரும்: வெளிச்சத்தைக் கண்டால் அழும், சுவரைத் தின்னும், செத்தவன் குரலில் இருமும். மொத்தம் பத்து லட்சம் வகை. அடுத்து என்ன வரும் என்று படைத்தவனுக்கே தெரியாதாம். அந்தப் பெருமையில் சனிக்கிழமை காபி கொண்டுவந்த மனைவி எப்சியை நிறுத்திவைத்து விளக்கினார்.

"பத்து லட்சம் இருந்து என்னத்துக்கு?" என்றாள் எப்சி. "ஒண்ணுகூட சாப்பிடுதவங்களைக் கடிக்காதே."

"என்னது?"

"ஆபத்து வந்ததும் நஃபீஸத் என்ன சொல்லுதா? 'சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிடுதேன்'ங்கா. உடனே உங்க மிருகம் அங்கனயே நின்னுருது. அடுப்படியில நிக்க எனக்கே தெரியுது. ஆறு மாசமா அவுக சோத்தைக் காட்டியே பொழைக்காக."

ஹெப்ரான் பழைய நோட்டைப் புரட்டினார். பதினோரு மிருகம், பதினோரு தடவை. அமிலம் கக்குகிற அரக்கன்கூட, கேப்டன் கை கழுவும்வரை கதவோரம் மரியாதையாக நின்றிருந்தான். அட கூறுகெட்டவனே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

காரணம் அவருக்குத் தெரியும். சாப்பிடுகிறவனை அவர் வளர்ந்த வீட்டில் எழுப்ப மாட்டார்கள். சாவுச் செய்தியே வந்தாலும் அவன் கை கழுவும்வரை அது வாசலில் காத்திருக்கும். பத்தொன்பது வயதில் ஒருநாள் அவர் கல்லூரியிலிருந்து பசியோடு வந்தார். தேவமணி பெரியம்மா தோசை வார்த்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார் என்பது முதல் தோசைக்கு முன்பே அவளுக்குத் தெரியும். இவரோ ஏழு தோசை தின்றார். சட்னி பிரமாதம் என்று பாராட்டு வேறு. பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு அவள், "மொதல்ல சாப்பிட்டு முடி ராசா" என்று சொல்லி எட்டாவதை வைத்தாள். அதையும் தின்றார். நினைத்தால் இன்றைக்கும் வெட்கத்தில் அவருக்கு உடம்பு கூசும்.

சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்: சாப்பிடும்போதே கடிக்கும். இரண்டு கோடும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலலிங்கம் ஃபைலோடு வந்துவிட்டார். நாலு மணிக்கு மிருகம் மருத்துவ அறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. நஃபீஸத் கேப்டனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிடுதேன் சார்."

ஹெப்ரான் பகடையை உருட்டினார். கடி என்றுதான் விழுந்தது. சிவப்பு எழுத்து கண்முன்னே இருந்தது. வாயைத் திறந்தார், "அது..." என்றார், அதற்குமேல் வரவில்லை. சோற்றில் கை வைத்திருக்கிற பிள்ளையை எப்படிக் கடிக்கச் சொல்வது? நீயெல்லாம் அரக்கனைப் படைக்க வந்துட்டியாக்கும் என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டார். குற்றாலலிங்கத்தின் கை ஃபைலைத் திறந்தது.

"அது... உனக்கு எதிரே உக்காருது" என்றார் ஹெப்ரான்.

"உக்காரட்டும். நான் பைய சாப்பிடுதேன்."

"சாப்பிடு. அது உன் முகத்தையே பாத்துக்கிட்டிருக்கு. தண்ணியை உன் பக்கம் நகர்த்தி வைக்குது."

நஃபீஸத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "கடிக்கலையா?"

"இல்லை."

"என் பொட்டலத்தையும் அவளுக்குத் தாரேன் வே" என்றார் குற்றாலலிங்கம்.

"அதையும் அதுவே பிரிச்சு வைக்குது. அதுலயும் இப்ப ரெண்டு வாய்தான் மிச்சம்."

"ஏதாவது பேசுதா சார்?"

"பேசுது. மொதல்ல சாப்பிட்டு முடிங்குது."

ஹெப்ரானின் குரல் நடுங்கியது. அவர்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள்.

"முடிச்சா என்ன ஆகும்?" என்றாள் நஃபீஸத், மெதுவாக.

"முடிச்சாத்தான் தெரியும்."

"அப்ப நான் முடிக்கலை. கடைசி வாயைக் கையிலேயே வச்சிருக்கேன். சார், நிறுத்துங்க, எனக்கு என்னமோ செய்யுது."

குற்றாலலிங்கம் நீல ஃபைலை மூடிப் பைக்குள் திணித்தார். "நீரே நடத்தும் வே. எனக்கு நெஞ்சு படபடங்கு. இதை எப்படி வே யோசிச்சீரு?"

"எல்லாம் ஒரு திட்டம்தான்" என்றார் ஹெப்ரான், கொஞ்சமும் கூசாமல். கடிக்கச் சொல்லத் தைரியமில்லாமல் வாயில் வந்ததை உளறியவர், பத்து லட்சம் வகையில் இது ஒன்று என்று விளக்கம் வேறு கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எப்சி சூடாக உளுந்தவடை கொண்டுவந்தாள். நஃபீஸத் ஒன்றைக் கையில் எடுத்து, கடிக்காமலே வைத்திருந்தாள். ஹெப்ரானுக்கு வெற்றிப் பசி. இரண்டை உள்ளே தள்ளினார். கொழுப்புச் சோதனை முடிவு வந்ததிலிருந்து அவருக்கு ரெண்டுதான் கணக்கு. கேட்காமலே எப்சி மூன்றாவதை வைத்தாள்.

அவர் பாதி கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்சி, போன் ஏதும் வந்துச்சா? ஊர்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காக?"

"கேள்வியைப் பாரு. மொதல்ல சாப்பிட்டு முடிங்க" என்றாள் எப்சி.

ஹெப்ரான் மிச்ச வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.