கோமதிநாயகத்தை எங்கே எரிப்பது

கோமதிநாயகம் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போன பிறகு. குளித்துவிட்டு வந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், செல்வலட்சுமி காப்பி கொண்டுவந்தபோது தலையைத் தொங்கவிட்டிருந்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். பிறகு அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரவு ஷிப்ட் முடித்து வந்த பையன்கள் எதிர் வரிசை அறைகளில் அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

சேரப்பணஞ்சேரி கிராமத்தைத் தாண்டி, மனை போட்டு விற்ற அந்த நகரில் முதலில் குடிவந்தது அவர்கள்தான். சங்கரன்கோவில் பக்கம் மழையை நம்பிய நிலம் பல வருடம் ஏமாற்றியதில் வேலை தேடிக் கிளம்பி வந்தவரை, ஒரு மனை வியாபாரி இங்கே காவலுக்கு வைத்தார். அப்போது சுற்றிலும் சீமைக் கருவேலம்தான். முள்ளுக்கு நடுவே வெள்ளையடித்த கற்களும், ரோடு என்று சொல்லிக்கொண்ட மண் தடங்களும் இருந்தன. மனை வாங்கியவர்கள் சென்னையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கள் கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. சில வருடங்களில் வியாபாரியும் வருவதை நிறுத்திவிட்டார். கோமதிநாயகம் அதற்குள் மூலை மனையைத் தனக்கென்று வாங்கி, கூரை போட்டு, மனைவியையும் கைக்குழந்தை பேச்சிராஜையும் கூட்டிவந்தார். பாம்புக்கும் இருட்டுக்கும் நடுவே எதற்காக அங்கே தங்கினீர்கள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள்.

"திரும்பிப் போக அலுப்பா இருந்துச்சு," என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

சேரப்பணஞ்சேரி ஊர்க்காரர்களுக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. காலங்காலமாக மாடு மேய்த்த இடத்தில் கல் நட்டவனின் ஆள் அவர். அந்த ஊர்க்காரரான ரகுபதி வேண்டுமென்றே தன் மாடுகளை அவர் வீட்டு வாசல் வழியாக ஓட்டிப்போவார். ஒரு நாள், கோமதிநாயகம் தானே வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக் குழிக்குள் ரகுபதியின் சினை மாடு விழுந்துவிட்டது. கயிறும் ஆளும் வந்து சேரும்வரை இவர் குழிக்குள் இறங்கி, சேற்றில் நின்று, மாட்டின் தலை முங்காமல் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். மாடு பிழைத்தது. இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அது கடைசிவரை சரியாகவில்லை. ரகுபதி அதன்பிறகு வாசல் வழியாக மாடு ஓட்டவில்லை, வாசலில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

ஒரு மின்கம்பத்துக்காக கோமதிநாயகம் படப்பைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் வருடக்கணக்கில் அலைந்தார். ஒவ்வொரு முறையும் அதிகாரி மாறியிருப்பார், இவர் முதலிலிருந்து சொல்வார். கம்பம் வந்தது. பிறகு ரோட்டுக்கு அலைந்தார், பஸ் நிற்பதற்கு அலைந்தார். அதற்குள் ஒரகடத்தில் கம்பெனிகள் வந்துவிட்டன. தெற்கிலிருந்து பையன்களும் பெண்களும் ஒரு பையோடும் அவருடைய போன் நம்பரோடும் வந்து இறங்கினார்கள். அவர் அறை பிடித்துக் கொடுத்தார். மெஷினில் கை மாட்டியவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவன் அம்மா வரும்வரை கூட இருந்தார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கச் சொன்னபோது, "இப்பமே உக்கார நேரமில்ல," என்று சொல்லிவிட்டார். அறுபது வயதுக்குள் எண்பது வயது நடை வந்துவிட்டது.

பேச்சிராஜ் கம்பெனி லைனிலிருந்து கிளம்பி வர மதியம் நெருங்கிவிட்டது. மாற்று ஆள் வந்த பிறகுதான் சூப்பர்வைசர் விட்டார். ஐஸ் பெட்டியில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. போன் விடாமல் அடித்தது.

"மாமா கேக்காரும்மா. ஆம்புலன்ஸ் பேசிருவமான்னு."

"எங்க போறதுக்கு?"

"நம்ம ஊருக்குத்தான். எல்லாரையும் அங்கதான கொண்டு போறாக."

அது உண்மைதான். அந்த நகரில் யாருக்காவது முடியாமல் போனால், உயிர் இருக்கும்போதே சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இறந்தவர்களும் அப்படியே போனார்கள். இங்கே யாரையும் எரித்ததில்லை, புதைத்ததில்லை.

செல்வலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ராத்திரி முழுக்க அவுகளைப் போட்டு ஆட்டிக்கிட்டுப் போகணுமால? இருந்தவரைக்கும் அலைஞ்சது காணாதா? இங்கனயே முடி."

"இங்க நமக்கு சுடுகாடு இல்லையேம்மா."

"ரகுபதி அண்ணாச்சிகிட்ட கேளு."

ரகுபதி ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, "வா," என்று பேச்சிராஜை அழைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார்.

ஊர் விஷயங்களை முடிவு செய்கிற வெங்கடேசன் கோவிலுக்கு எதிரே இருந்தார். விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டார்.

"நல்ல மன்சன்தான் ரகுபதி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு இவருக்கு வுட்டா நாளைக்கு அந்த நகர் மொத்தமும் வந்து நிக்கும். சுடுகாட்டுல எடம் எங்க கீது? பாதி கம்பெனி காம்பவுண்டுக்குள்ள பூட்ச்சி."

"வருவாங்க," என்றார் ரகுபதி. "சாவாம இன்னா பண்ணுவாங்க?"

வெங்கடேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பது வருசமா கீறாரு. எனக்கு ஆஸ்பிட்டல்ல ரத்தம் வேணும்னப்ப நம்ம ஊர்க்காரன் எவன் வந்தான்? அந்த நகர் பசங்கள இட்டாந்து நிறுத்துனவரு அவரு. இதுக்கு மேல எனக்குப் பேசத் தெம்பு இல்லப்பா. நீயே சொல்லு."

வெங்கடேசன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுங்க. கட்டைக்கு நான் சொல்லிடறேன்."

ஆனால் தூக்க ஆள் போதவில்லை, இரவு ஷிப்ட் பையன்கள் சிலர்தான் இருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரும்வரை காத்திருந்தார்கள். இரண்டாவது ஷிப்ட் பையன்கள் கிளம்பும் முன் வரிசையாக வந்து காலைத் தொட்டுவிட்டு ஓடினார்கள். போன் கம்பெனியில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி, ஊரிலிருந்து வந்த புதிதில் ஒரு மாதம் இந்த வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவள் செல்வலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "லீவு குடுக்க மாட்டேனுட்டாங்க சித்தி," என்றாள்.

"போயிட்டு வா தாயி. இருந்தா அவுகளே போகத்தான் சொல்லுவாக."

நாலு மணிக்கு மேல் பஸ்கள் வந்தன. இறங்கியவர்கள் அறைக்குப் போகவில்லை. கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் தொங்கிய அட்டையோடும் நேராக வந்தார்கள். ஷூக்கள் வாசலில் குவிந்தன. காலையிலிருந்து நின்று வேலை செய்த கால்கள், தூக்கும்போது சிலருக்கு நடுங்கின. மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள்.

சுடுகாட்டுக்குப் போக ஆறுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ரகுபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்திக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசி ஆள் கடக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தெற்கிலிருந்து வந்திருந்த செல்வலட்சுமியின் தம்பி அவளைக் கூட வரச் சொன்னார். "தனியா என்னத்துக்கு இங்க கிடக்க? நம்ம ஊருக்கு வந்துரு."

"பேச்சி இருக்கானே. அதோட, அங்க வந்தா நான் எல்லாத்தையும் முதல்ல இருந்து பழகணும்லா. என்னால ஆகாது."

தை மாதத்தில், அதே தெருவில் குடியிருந்த சண்முகசுந்தரத்தின் தகப்பனார் இறந்துபோனார். யாரும் ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசவில்லை. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. சண்முகசுந்தரம் வெங்கடேசனுக்கு போன் செய்தபோது, அவர் "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். செல்வலட்சுமி துக்க வீட்டில் பெண்களோடு சாயங்காலம்வரை இருந்துவிட்டு வந்தாள். வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தலை காயட்டும் என்று சுவரில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.