பதக்கம் குத்திய மாப்பிள்ளை

ஓய்வுபெற்ற இராணுவக் கோப்ரல் நௌபல், நாற்பத்தாறு வயதில் குறிஞ்சாக்கேணிக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டது மச்சான் இஸ்மத்தின் வேலை.

"குண்டு மழைக்குள்ள கெப்டனத் தூக்கிட்டு வந்த சிங்கம்!" என்று அவன் அளந்தான்.

நௌபல் யோசித்தார். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும். ஆனாலும் ஊர் வழக்கப்படி, கலியாணத்துக்குப் பிறகு காலமெல்லாம் வாழப்போகும் பெண்வீட்டில் பொய்யோடு குடியேற மனம் வரவில்லை.

"சிங்கமுமில்ல, பூனையுமில்ல. பயத்துல முகாமுக்குத் திரும்பி ஓடினனான். வழியில கெப்டன் காயப்பட்டுக் கிடந்தார். தூக்கிட்டு ஓடினன். பாக்கிறவங்களுக்கு அது வீரமாத் தெரிஞ்சிட்டு."

இஸ்மத் தலையில் கை வைத்தான்.

தகப்பனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மணப்பெண் பாஹிமா, "அவர விட்டுட்டு ஓடினா இன்னும் வேகமா ஓடியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

நௌபல் திகைத்தார். "அந்த யோசின இண்டைவரைக்கும் வரல்ல."

பாஹிமா சிரித்துக்கொண்டே திரும்பினாள். "வாப்பா, நிக்காஹுக்கு நாள் பாருங்க."