வெள்ளைக் கோட்டு இல்லாத படம்

“அந்த டெஸ்ட் படத்துல எனக்கு ஒரு பிரிண்ட் வேணும் சார்.”

இதைக் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் ஸ்டூடியோ முதலாளி. வாடிக்கையாளர் இடத்தில் நமக்கென்று எதையும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். இன்னொருவர் என் அம்மா. அவள் அப்போது பத்தடி தள்ளி, ஆஸ்பத்திரி வாசற்படியில் போட்ட நாற்காலி வரிசையின் நடுவில், பெரிய டாக்டரின் இடத்தில், பெரிய டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டது காதில் விழுந்ததும் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

முதலாளி லென்ஸ் துடைப்பதை நிறுத்தவில்லை.

“டெஸ்ட் படம்னா அது படமே இல்லம்மா. வெளிச்சம் பாக்க எடுக்குறது. பாத்தமா, அழிச்சமா, அவ்வளவுதான்.”

“அழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு குடுங்கன்னுதான் கேக்குறேன்.”

“டிகிரி வாங்கினதுங்கள வேலைக்கு வெச்சா இதான் தொல்ல. ரிஃப்ளெக்டரப் பிடி.”

பிடித்தேன். முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளிநிறத் தட்டு அது. இரண்டு வருடமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வருடத்துக்கு ஒருநாள் இந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லோரும் வாசற்படியில் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களைக் காக்கவைக்க முடியாது. அதனால் அரைமணி நேரம் முன்பே சலவைப் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, டாக்டர்களின் கோட்டை மாட்டிவிட்டு, உயரம் பார்த்து டாக்டர்களின் இடங்களில் நிறுத்துவார்கள். கோட்டு எதற்கு என்றால், கேமராவுக்கு வெள்ளையைக் கண்டால் பயம். வெள்ளை அதிகமாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அதை முன்கூட்டியே சரிசெய்து வைத்துக்கொண்டால், பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஒரே அழுத்து. வேலை முடிந்தது.

அம்மா குள்ளம். பெரிய டாக்டரும் குள்ளம். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும், என்ன ராசியோ, குள்ளம்தான். “மூணு பேரு மாறிட்டாங்க, நான்தான் பதினெட்டு வருஷமா பெரிய டாக்டரு” என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவளே துவைத்து மடித்து எடுத்துவந்த கோட்டைப் பத்து நிமிடம் போட்டிருப்பாள். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவாள். நாங்கள் படத்தை அழித்துவிடுவோம்.

வீட்டில் நான் பட்டம் வாங்கிய படம் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. அன்றைக்கு அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்கென்று இருப்பது வேலை அடையாள அட்டையில் இருக்கும் படம் மட்டும்தான். அதிலும் ஆபீஸ் முத்திரை பாதி மூக்கை மூடியிருக்கிறது. அடுத்த மாதம் ரிட்டையர். அட்டையையும் வாங்கிக்கொள்வார்கள்.

முதலாளி ஒரு தடவை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

“முகமெல்லாம் இருட்டா இருக்கு சார்.”

“கோட்டு மடிப்பு தெரியுதுல்ல? போதும். இத யாரு பாக்கப் போறா?” கேமராவை முக்காலியிலேயே விட்டுவிட்டுப் படியேறினார். “நான் போய் அவங்களக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள அழிச்சு வை. எங்க கோட்டப் போட்டுக்கிட்டு இவங்க யாருன்னு டாக்டருங்க கேட்டா நான் என்னத்த சொல்றது?”

கதவு மூடியதும் ரிஃப்ளெக்டரைத் தூணில் சாய்த்து வைத்தேன்.

“எல்லாரும் கோட்டக் கழட்டுங்க.”

“கழட்டிட்டுப் போகத்தானே போறோம்” என்றாள் இஸ்திரி அக்கா. அம்மாவோடு பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவள்.

“போகாதீங்க. அப்படியே இருங்க. இப்பதான் படம்.”

“வேண்டாம்டி” என்றாள் அம்மா. “இன்னும் ஒரு மாசந்தான். வாய மூடிக்கிட்டு நல்லபடியா வெளிய வந்துடுறேன்.”

“ஒரு மாசம் கழிச்சு உன்ன இந்தப் படியில யாரும்மா உக்கார விடுவா?”

இஸ்திரி அக்கா முதலில் கழற்றினாள். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். உள்ளே சலவைப் பிரிவின் நீலச் சட்டை. அம்மாதான் கடைசி. கழற்றிய கோட்டைப் பழக்கதோஷத்தில் மடித்தும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். நாற்காலி போடுவது நான். முதல் வகுப்பில் சொல்வது இது: அழுத்துவதற்கு முன் படத்தின் நாலு மூலையையும் பார், வேண்டாததைத் தூக்கு. பார்த்தேன். இடது மூலையில் கோட்டுக் குவியல். தூக்கிவிட்டேன். பின்னால் இருந்த விளக்குக் கம்பம் இஸ்திரி அக்காவின் தலையில் முளைத்ததுபோல் நின்றது. அவளை ஓரடி நகர்த்தினேன். வலது ஓரத்தில் நின்றவரின் கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது. முக்காலியை இரண்டடி பின்னால் இழுத்தேன். வெளிச்சத்தை அம்மாவின் கன்னத்தில் அளந்தேன். பின்சுவர் வெளிறிப்போகும். போகட்டும்.

அம்மா கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். நீராவி சுட்ட தழும்பு முழங்கை வரைக்கும் உண்டு.

“கைய வெளிய எடும்மா.”

“அசிங்கமா இருக்கும்.”

“யாரு சொன்னா? எடு.”

எடுத்து முழங்கால்மேல் வைத்தாள்.

“பல்லு தெரியலாமா?” என்றாள் இஸ்திரி அக்கா.

“உன் பல்லு, உன் இஷ்டம்க்கா.”

“இவ பல்லு தெரிஞ்சா நாங்க பதினோரு பேரும் தெரிய மாட்டோமே” என்றாள் அம்மா.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அழுத்தினேன். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் இரண்டு எடுத்தேன்.

கதவு திறந்தது. முதலாளி முன்னால், டாக்டர்கள் பின்னால். முதலாளியின் கண் முதலில் நீலச் சட்டைகள்மேல் போனது, பிறகு நகர்ந்திருந்த முக்காலிமேல்.

“அழிச்சியா?”

“இல்ல. இன்னும் மூணு எடுத்தேன்.”

டாக்டர்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என் காதருகே வந்தார். “என் மெமரி கார்டுல யாரக் கேட்டு எடுத்த? அழி. இப்பவே.”

“கார்டு என்னோடது சார்.” கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கார்டை எடுத்தேன். “காலையில ஸ்டூடியோவுலயே மாத்திட்டேன். உங்களது இந்தாங்க. ஒண்ணுமே எடுக்கல, சுத்தமா இருக்கு.”

“கேமரா யாரோடது?”

“உங்களது. அதான் வெச்சுட்டுப் போறேன்.”

“போனா திரும்பி வர முடியாது. வேற ஸ்டூடியோவுலயும் சேத்துக்க மாட்டாங்க, நான் சொல்லிடுவேன். தெரியுமா?”

“தெரியும். காலையில செருப்பு மாட்டும்போதே தெரியும்.” ரிஃப்ளெக்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “கோட்டுல வெளிச்சம் பாக்காதீங்க சார், மூஞ்சியில பாருங்க. இல்லன்னா டாக்டருங்களும் டெஸ்ட் படம் மாதிரிதான் இருப்பாங்க.”

பெரிய டாக்டர் படியில் நின்று, கோட்டை யாராவது மாட்டிவிடட்டும் என்று கைகளைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா மடித்த கோட்டை அவர் நாற்காலியில் வைத்தாள். மாட்டிவிடவில்லை.

“ஏய்” என்று என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஒரு பிரிண்ட் எப்படிடி பத்தும்? பன்னெண்டு போடு.”

தலையாட்டினேன். கார்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வெளிவாசல் பக்கம் நடந்தேன். வரிசையில் இடம் பிடிக்க மீதி டாக்டர்கள் அங்கிருந்து எதிரே வந்துகொண்டிருந்தார்கள். யாரும் வழிவிடவில்லை. நானும் ஒதுங்கவில்லை. நடுவிலேயே நடந்து வாசலைத் தாண்டிப் போனேன்.