வாரேன்னு வச்சுட்டான்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணமேல்குடியில் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியபோது, பக்கத்தில் ஒரு வயதான தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாரேன்னுதானங்க சொன்னான்?"

"நம்ம ஊர்ல போற மனுசன் எவன் போறேன்னு சொல்லியிருக்கான்? எல்லாரும் வாரேன்னுட்டுத்தான் போறான்."

மழை விட்டது, அவர்களும் போய்விட்டார்கள். வருகிறேன் என்று சொன்னவன் யார், வந்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு என் தலையில் வேறு பாரம். ஒரு பத்திரிகையின் சுற்றுலா மலருக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். "இயற்கைக் காட்சி நிறைய வரட்டும் சார்" என்றிருந்தார் ஆசிரியர். அந்தத் தம்பதியை ஒரு பழைய காரில் ஏற்றிவிட்டால் காட்சிகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், எனக்கு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

தொடக்கம்: ஆர்ப்பரிக்கும் அலைகள் கரையை முத்தமிட்டுத் —

(நிறுத்து. புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலில் சொல்லிக்கொள்கிற மாதிரி அலை கிடையாது. சேற்றுத் தண்ணீர் சும்மா கிடக்கும். முத்தமிடுவதெல்லாம் வேறு மாவட்டத்துக் கடலின் வேலை.)

2

சரி, ஆட்கள். சூசைமாணிக்கம், ஆவூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனைவி வேளாங்கண்ணி. அவளுடைய ஒரே தம்பி அருள்தாஸ், கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். சூசைமாணிக்கத்தின் மகன் லியோனின் கல்யாணத்திலிருந்து அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை.

காரணம் கல்யாணப் பத்திரிகை. அதைப் பிழை திருத்தியவர் சூசைமாணிக்கம். விடுபட்ட ஒற்றெழுத்தையெல்லாம் தேடிப்பிடித்துச் சிவப்பு மையில் போட்டார். மைக்செட்காரர் பெயருக்கு இனிஷியல் வரை சரிபார்த்தார். தாய்மாமன் பெயரே இல்லாதது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இப்போது மகள் ஜெனிபருக்குக் கல்யாணம். தம்பி இல்லாமல் மேடையேற மாட்டேன் என்று வேளாங்கண்ணி சொல்லிவிட்டாள். ரொம்ப யோசித்து ஒரு நாள் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம கடல் பாக்க வாரோம்டா. கோட்டைப்பட்டினத்துல ரோட்டு மேல டீக்கட இருக்குல்ல, பத்து மணிக்கு அங்கிட்டு வா. பேசுவோம்."

"சரி, வாரேன்" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

வருவதற்காகச் சொன்னானா, போனை வைப்பதற்காகச் சொன்னானா? அங்கேதான் நான் கேட்ட சண்டை.

3

ஐப்பசி வானம் வெயிலா மழையா என்று ஒரு முடிவுக்கு வராமல் கிடந்தது. சூசைமாணிக்கம் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தினார். கட்டுமாவடியில் மீன் வாங்காமலே மீன் மார்க்கெட்டைச் சுற்றினார். மணமேல்குடிக் கடற்கரையில் மனைவியைக் குடையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"இந்தா, கொஞ்சம் சிரி."

"எதப் பாத்துச் சிரிக்க? நம்ம கம்மாயிலயே இத விட அலையடிக்கும். மணியாகுதுங்க."

"ஒரே நிமிசம். சூரியன் வருது."

வந்த சூரியன் போனது, மழை வந்தது. துடைப்பான் பாதிக் கண்ணாடியை மட்டும் துடைத்தது. அதைக் காரணம் காட்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

(இவரோடு எனக்குத் தகராறு. கோழை என்று ஒரு பக்கம் எழுதினேன். மனைவி ஏமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் தள்ளிப்போடுகிறார் என்று இன்னொரு பக்கம் எழுதினேன். எது சரியென்று தெரியாததால் இரண்டையும் கிழித்துவிட்டு, கையில் கேமராவைக் கொடுத்தேன்.)

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காற்று சரியில்லை, கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பாம். வேளாங்கண்ணியின் முகம் மலர்ந்தது.

"அப்ப தம்பிக்கும் வேல இருக்காது!"

சூசைமாணிக்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஐஸ் ஏற்றப் போய்விட்டான் என்று சொல்லிச் சமாளிக்க ஒரு வழி இருந்தது. அதுவும் அடைபட்டது. இனி அவன் வராவிட்டால், வர மனமில்லை என்றுதான் அர்த்தம். அந்த மனத்தைக் கெடுத்தது தன் சிவப்புப் பேனா.

4

கோட்டைப்பட்டினம் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. டீக்கடை பெஞ்சில் யாரும் இல்லை.

முடிவு அ: நனைந்த சட்டையோடு பைக்கில் வந்து இறங்கிய அருள்தாஸ் "அக்கா!" என்று —

(மலருக்குப் பொருந்தும். ஓரத்தில் ஒரு வானவில்லும் போட்டுவிடலாம்.)

முடிவு ஆ: அவன் வரவேயில்லை. மூன்றாவது டீ ஆறி —

(இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பலாம். டீ ஆறினால் அவர்களுக்குப் பிடிக்கும்.)

இரண்டையும் கெடுத்தவர் டீக்கடை பாய்.

"ஐஸ் அருள்தாஸா? காலையிலேயே வந்து இந்தப் பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாரு. சலூனுக்குப் போய்ட்டு வந்த மொகம். புதுச் சட்டை. என்ன மாப்ள, பொண்ணு பாக்கவான்னுகூடக் கேலி பண்ணேன். நல்லா மழ புடிச்ச பெறவு எந்திரிச்சாரு."

"வாரேன்னு சொன்னாரா?" என்றார் சூசைமாணிக்கம். தமிழாசிரியர் புத்தி.

பாய் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. போறேன்னாரு."

வேளாங்கண்ணி கணவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான்கூட நல்ல வசவாக நாலைந்து எழுதி வைத்திருந்தேன். அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"தப்பு நம்ம மேலதாங்க" என்றாள். "தாய்மாமன ரோட்டுக்கு வரச்சொல்லியா கல்யாணத்துக்குக் கூப்புடுவாக? வீட்டுக்குப் போக மொகமில்லாம, கடல் பாக்க வந்தோம்னு பொய் சொன்னேன் பாருங்க."

எதிர்க்கடையில் பழம் வாங்கினாள். பாயிடம் தம்பி வீட்டுக்கு வழி கேட்டாள்.

5

தெரு குறுகல், கார் நுழையாது. மழை வலுத்துவிட்டது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பழப்பையோடு இறங்கி நடந்தாள். சூசைமாணிக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காட்சி என்று நிறுத்த இனி ஓர் இடமும் இல்லை.

அவரை இறக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே கதவைத் திறந்து, குடையை மறந்து, ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு மனைவியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

அவள் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஆண்குரல்.

ஆவூரிலிருந்து வாய் ஓயாமல் வந்த வேளாங்கண்ணி பழப்பையைக் கை மாற்றிக்கொண்டாள். யார் என்று சொல்வது? அக்கா என்றா? அந்தச் சொல்லைப் புழங்கி எத்தனை நாளாயிற்று!

"நாந்தான் மாப்ள" என்றார் சூசைமாணிக்கம். "பத்திரிகையில ஒம் பேரு எப்படிப் போடணும்னு கேக்க வந்தேன். நீ சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம். கதவுப் பக்கமாக வருகிறதா, உள்ளறைக்குப் போகிறதா?

எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் காரில்தான் இருக்கிறேன். கண்ணாடியெல்லாம் ஆவி. அவர்களை இந்த வாசல் வரை கொண்டுவந்துவிட்டு அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் அவர்களுக்குப் பின்னால்தானே நிற்கிறீர்கள்? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். திறந்தால் எனக்குச் சொல்லக்கூட வேண்டாம், அவர்களோடு உள்ளே போய்விடுங்கள். திறக்காவிட்டால் இன்னொரு தடவை தட்டுங்கள்.