நூற்றுக்கு ஒன்றேகால்

நூறு லிட்டர் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் சுமார் தொண்ணூற்றெட்டே முக்கால்தான் காட்டியது. மீதி ஒன்றேகால் எங்கே போயிற்று என்று அண்ணிக்கு விளங்கவில்லை.

வாயுவை அளக்கும் அந்த மீட்டர் அவள் கையாலேயே செய்தது, பட்டறையின் முதல் படைப்பு. மாலையில் வாங்குபவர் வருகிறார். அளவு பிசகினால் வந்த வழியே போய்விடுவார். சோதிப்பவள் நாத்தனார், வேதியியல் படித்தவள். நைட்ரஜன் சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, வாயுவை மீட்டர் வழியாக விடுவாள். எடை எவ்வளவு குறைந்ததோ, அதிலிருந்து எத்தனை லிட்டர் போயிருக்கும் என்று கணக்கிட்டுவிடுவாள்.

"எங்கயோ ஓட்டை இருக்கு அண்ணி."

"என் மீட்டர்லயா? உன் தராசுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."

நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன். ஒரு பக்கம் பெண்டாட்டி, மறுபக்கம் தங்கச்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குழாய் முழுக்கச் சோப்புநுரை தடவினார். ஒரு குமிழியும் கிளம்பவில்லை.

அண்ணி வாயுவை மெதுவாக விட்டுப் பார்த்தாள். ஓட்டை என்றால் நேரம் கூடக்கூட இழப்பும் கூட வேண்டும். கூடவில்லை. ஊசிமுனை இடுக்கிலும் நழுவிவிடும் ஹீலியத்தை விட்டாள். அப்போதும் அதே ஒன்றேகால்தான்!

"ஓட்டைக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாதும்மா. கணக்குலதான் ஏதோ இருக்கு. ஒரு மோலுக்கு எத்தனை லிட்டர் போட்ட?"

"இருபத்திரண்டு புள்ளி ஏழு."

"அடிப்பாவி! இருபத்திரண்டு புள்ளி நாலுல்ல?"

"அது பழசு அண்ணி. நீங்க படிச்ச காலத்துது."

"சரிதான், கிழவின்னே சொல்லிடு!"

அண்ணன் சோப்புக்கையோடு நழுவப் பார்த்தார். அண்ணியோ அதற்குள் ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டிருந்தாள். ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்று மூன்று. பார்த்ததுமே சிரித்துவிட்டாள்; கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொன்னால் வரும் எண் அல்லவா அது!

இருவர் கணக்கிலும் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிதான். ஆனால் லிட்டர் கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் திட்ட அழுத்தமாக மீட்டர் பழைய வழக்கப்படி கடல்மட்டக் காற்றழுத்தத்தை எடுத்துக்கொண்டது. நாத்தனார் இன்றைய வழக்கப்படி முழுசாக ஒரு பாரை எடுத்துக்கொண்டாள். அழுத்தம் சற்றுக் குறைந்தால் அதே வாயு சற்று அதிக இடம் பிடிக்கும். ஆக, வாயு ஒரு துளியும் தொலையவில்லை.

அண்ணி மீட்டரின் அழுத்த எண்ணை ஒரு பாராக மாற்றினாள். 'பூஜ்யம் டிகிரி, ஒரு பார்' என்று அதன் முகப்பிலும் ஒட்டினாள். மறுபடி வாயுவை விட்டார்கள். நூறு லிட்டருக்கு மீட்டர் நூறு காட்டியது.